நிற்கிறவர்களின் ஓட்டம்

அத்தான் மண் விஞ்ஞானம் படித்தவர். மண்ணைப் பற்றிக் கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். நேர அட்டவணையைப் பற்றிக் கேட்டால் மடிக்கணினியைத் திறந்துவிடுவார். அந்த வருடம் ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு அவர் போட்ட அட்டவணையில் ஒன்பது பேரின் பெயர், ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தூரம், கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம், அஞ்சல் ஓட்டத்தில் கோலுக்குப் பதிலான பட்டி கைமாறும் இடம், கார் நிறுத்தும் தெரு எல்லாம் இருந்தன. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வாய்க்கால் கதவடியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஏரிக்கரை வீதியால் லஷீனுக்கு வந்து, அங்கிருந்து லஷீன் கால்வாய்க் கரையால் பழைய துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் காலை வைத்தால் நகரத்தின் பழைய மூலையில்தான் எடுக்க வேண்டும்.

யாரும் ஒழுங்குபண்ணிய போட்டி அல்ல. நெஞ்சில் குத்த இலக்கம் இல்லை, பதக்கம் இல்லை, எதிரணி இல்லை. அட்டவணைதான் எதிரணி. நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில் 1988இலிருந்து நடக்கிற கபொட் ட்ரெயில் அஞ்சல் ஓட்டத்துக்கு ஓர் அணி சேர்க்க வேண்டும் என்பது அத்தானுடைய பழைய ஆசை. அதில் 17 கட்டங்கள், 270 கிலோமீற்றருக்கு மேல், மலைவீதி, இரவெல்லாம் ஓட்டம். எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல ஏரிக்கரையால ஓடிப் பாப்பம்" என்று இறங்கி வந்திருந்தார்.

தங்கள் வேகத்தைத் தாங்களே எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். ஆட்களின் காலைப் பார்க்கும் முன் குணத்தைப் பார்க்க இது நல்ல வழி. என் வீட்டுக்காரர் கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம் என்று எழுதினார். நான் அவரோடு பஸ் பிடிக்க ஓடியவள், எனக்குத் தெரியும். அக்கா எட்டு நிமிடம் என்று எழுதினாள். பனி உருகின நாள் தொடக்கம் வேலைக்குப் போகுமுன் இருட்டில் எழும்பி ஓடிக்கொண்டிருந்ததை அவள் அத்தானுக்குக்கூட விளக்கமாய்ச் சொல்லவில்லை. பேகல் அண்ணை "கடவுள் விட்டபடி" என்று எழுதினார். எக்செல் அதை ஏற்கவில்லை.

பேகல் அண்ணை எங்களுக்குச் சொந்தம் இல்லை. எண்பதுகளின் கடைசியில் கோட்-டே-நேஜில் நாங்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருந்த காலத்துப் பழக்கம். ஒரு பேகல் கடையில், விறகு எரிகிற போறணைக்கு முன்னால் இரவு வேலை செய்தவர். நீளப் பலகையில் பேகலை வரிசையாய் உள்ளே தள்ளுவதும் எடுப்பதுமாய் அவருடைய இரவுகள் போயின. அவருக்கு வெக்கை ஒரு பொருட்டே இல்லை. முழங்கால்தான் பொருட்டு. அவரை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால், அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் பிறந்தநாள்கூட நடந்ததில்லை என்பதுதான் பதில்.

சென்ட்-ஆனில் தொடங்கியதற்கு அத்தான் சொன்ன காரணம் பாதை. அக்கா சொன்ன காரணம் வேறு: "அவருக்கு அந்தக் கம்பஸைச் சுத்தாட்டி நித்திரை வராது." மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகம் அங்கேதான் இருக்கிறது, விவசாயமும் மண்ணும் உணவும் படிப்பிக்கிற இடம். 1907இல் திறந்த அந்தக் கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர் புகையிலை வியாபாரத்தில் பெரும் பணக்காரரான சேர் வில்லியம் மக்டொனால்ட். புகைப்பதை அருவருப்பான பழக்கம் என்று நினைத்த மனிதர் அவர். அத்தானுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். பாடம் போட்ட புகையிலையை விற்ற காசில் படித்த பிள்ளை, புகையிலைக் காசில் கட்டிய கல்லூரிக்கு வந்து மண்ணைப் படித்ததைப் பற்றி அத்தான் ஒருநாளும் பகிடி விட்டதில்லை. அந்தச் செங்கல் கட்டடங்களைக் கடக்கும்போது குரலை மட்டும் கொஞ்சம் தணிப்பார்.

ஆறு மணிக்கு ஊர் எழும்பவில்லை. மரப்பலகை நடைபாதையில் ஒரு நாயும் அதன் கிழவரும். ஒட்டாவா ஆற்று நீர் விரிந்து கிடக்கிற இரண்டு மலை ஏரிக்கும் இந்தப் பக்கத்துச் சென் லூயி ஏரிக்கும் நீர்மட்டம் ஒன்றல்ல. அந்தப் பேதத்தைப் படகுகள் தாண்டுவதற்காக 1843இல் திறந்த வாய்க்கால் இது. கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றி இறக்கி, மற்றக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. கோடையில் அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஐஸ்கிறீமோடு சனம் வந்து நிற்கும். அன்றைக்கு நின்ற சனம் நாங்கள்தான்.

அத்தான் சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது கனூக்காரர்களுடையது. தோல் வியாபாரம் ஓங்கியிருந்த காலத்தில் மே மாதத்தில் லஷீனிலிருந்து பெரிய கனூக்கள் புறப்படும். பிர்ச் மரப்பட்டையில் செய்தவை, பதினொரு மீற்றர் நீளம், மூன்று தொன்னுக்குமேல் சரக்கு ஏற்றும். மேற்கே போகிறவர்களுக்குத் தீவில் கடைசித் தேவாலயம் சென்ட்-ஆனில். அங்கே இறங்கி, புனித ஆனுக்குக் காணிக்கை போட்டு வேண்டிக்கொண்டுதான் போவார்கள். பாய்ச்சலும் நீர்வீழ்ச்சியும் வருகிற இடங்களில் சரக்கை இறக்கிச் சுமக்க வேண்டும். ஒரு மூட்டை 90 இறாத்தல், ஒருவருக்கு இரண்டு மூட்டை. அப்படிப் போய்ச் சுப்பீரியர் ஏரிக்கரையில் கிராண்ட் போர்ட்டேஜில், பின்னாளில் வில்லியம் கோட்டையில், நிற்பார்கள். வடமேற்குக் காடுகளில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த மற்றப் பகுதியார் பீவர் தோலோடு அங்கே வருவார்கள். துணியும் துவக்கும் கெண்டியும் மேற்கே போகும், தோல் கிழக்கே வரும். ஒருவருடைய பாதையில் மற்றவர் போவதில்லை. மொன்றியல்காரரைப் பன்றிக்கொழுப்புத் தின்னிகள் என்று வடக்கார் கேலி செய்வார்களாம். ஒரு கண்டத்தின் பாதிக்கு நடந்த அஞ்சல் ஓட்டம் அது. பீவர் தோலைத் தொப்பியாய்ப் போட்ட லண்டன் கனவான் அதில் கடைசி ஓட்டக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோலுக்குப் பதிலாகப் பட்டி என்பதும் அத்தானின் யோசனை. யப்பானில் 1920இல் தொடங்கிய ஹக்கோனே எக்கிடென் ஓட்டத்தை அவர் யூரியூப்பில் விடிய விடியப் பார்ப்பார். பல்கலைக்கழக அணிகள், பத்துப் பேர், ஜனவரி 2ஆம் 3ஆம் திகதிகளில் தோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 217 கிலோமீற்றர். தோளுக்குக் குறுக்கே போட்ட துணிப்பட்டியைத்தான் கைமாற்றுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது, வீதி வேலைக்காரர் போடுகிற செம்மஞ்சள் நிற ஒளிதெறி பட்டி. மொன்றியலில் கோடைகாலம் என்றாலே தெருவெல்லாம் செம்மஞ்சள் கூம்புகள்தான். பொருத்தம் என்று விட்டுவிட்டோம்.

முதலில் ஓடியவன் என் மகன். பதினேழு வயது. "பெரியப்பா, ஸ்ராட்!" என்று அவனே சொல்லிக்கொண்டு அவனே போய்விட்டான். பே-டூர்ஃபேயில் அக்கா வாங்கினாள். அவள் அட்டவணையை உடைத்த விதம் பற்றி அத்தான் இன்றைக்கும் பேசுவார், கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்துக்கொண்டு பீக்கன்ஸ்ஃபீல்டுக்குள் வந்து நின்று, மூச்சுக்கூடப் பெரிதாய் வாங்காமல், "என்ன, பிந்திட்டனோ?" என்று கேட்டாளாம். நான் பார்க்கவில்லை. நான் அப்போது பொயிண்ட்-கிளேயரில் நின்றேன்.

நின்றேன் என்பதை ஒரு வேலையாகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியில் நான் நாலு தர நூறு மீற்றரில் மூன்றாவது ஆள். அங்கே நிற்பது என்றால் அரை நிமிடம். கையைப் பின்னால் நீட்டி, திரும்பிப் பாராமல், உள்ளங்கையில் கோல் விழுவதற்காக நிற்பது. நீண்ட தூரத்து அஞ்சலில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். உடம்பைச் சூடாக்கினால் அது ஆறிப்போகிறது. ஆறட்டும் என்று விட்டால், இந்தா வந்துவிடுவார் என்று மனம் பதறுகிறது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். போனால் அந்த நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டால்? கபொட் ட்ரெயிலில் ஓடுகிறவர்கள் இதை எப்படி ஓர் இரவு முழுக்கத் தாங்குகிறார்களோ. ஓடுவதற்கு ஆயிரம் பேர் பயிற்சித் திட்டம் எழுதியிருக்கிறார்கள். நிற்பதற்கு ஒருவரும் எழுதவில்லை.

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் 1710இல் கட்டிய கல் காற்றாலை தெரியும். பக்கத்தில் தேவாலயம், அதற்கப்பால் ஏரி. அம்மா மடக்குக் கதிரையில் இருந்தா. அம்மா ஓடவில்லை. ஆனால் அத்தானின் வான் ஒவ்வோர் இடத்துக்கும் முன்கூட்டிப் போகும்போது அதில் அம்மாவும் போவா, இறங்குவா, கதிரையை விரிப்பா, தேத்தண்ணிப் போத்தலையும் மீன் ரோல்ஸ் பெட்டியையும் காலடியில் வைப்பா. எங்கள் எல்லாருக்கும் ஒவ்வோர் இடம். அம்மாவுக்கு எல்லா இடமும்.

அக்காவிடம் பட்டி வாங்கியவர் என் வீட்டுக்காரர். அட்டவணைப்படி ஏழு இருபதுக்கு இவர் வர வேண்டும். ஏழரையாகியும் காணவில்லை. ஏரிக்கரை வீதி வளைந்து வளைந்து போகும். பழைய கல்வீடுகளும் வேலிச் செடிகளும் மறைக்கும். தூரத்தில் வருகிற ஒவ்வொருவரும் இவர் மாதிரித் தெரிந்தார்கள். கிட்ட வந்தால் வெள்ளைக்காரர், வெள்ளைக்காரி, ஒருதரம் குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற தகப்பன். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. ஐம்பத்தைந்து வயது மனிதன், பிரஷர் குளிசை போடுகிற மனிதன். பிறகு திரும்பவும் கோபம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஆளுக்காக நான் இப்படித் தெருவில் கண் பூத்து நின்றது, கலியாணத்துக்கு முன் விசா வரும் வரைக்கும்தான். அப்போது நான் கொழும்பில் நின்றேன், அவர் இங்கே நின்றார். இருவரும் நிற்பதில் கெட்டிக்காரர்கள்.

"அந்தா வாறார்" என்றா அம்மா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு செம்மஞ்சள் புள்ளிகூட இல்லை. "எங்கையம்மா?" "அந்த இடக்காலை வெட்டி வெட்டி வைக்கிறதைப் பார். அது உன்ரை மனுசன்தான்." முகம் தெரிவதற்கு முன் நடையைக் கண்டுபிடிக்கிறவர்கள் அம்மாமார். வந்தார். முகம் சிவந்து, வாய் திறந்து, பட்டியைக் கழற்றத் தெரியாமல் கழுத்தில் சிக்கவைத்துக்கொண்டு. ஐந்தரை நிமிடம் எங்கே என்று நான் கேட்கவில்லை. பட்டியை நான்தான் அவருடைய தலைக்கு மேலால் இழுத்தெடுத்தேன். பிழிந்தால் சொட்டும். அதை அப்படியே என் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பிறகு லஷீனில் என் பெறாமகள் அதே பட்டியை இரண்டு விரலால் பிடித்து "சீ, சித்தி!" என்று முகத்தைச் சுளித்தபோது, ஆறு பேரின் வியர்வை அதில் ஊறியிருந்தது.

என்னுடைய ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலரைக் கிலோமீற்றர் ஓடினேன். வலப்பக்கம் தண்ணீர் மினுங்கியது. டொர்வாலுக்கு இறங்குகிற விமானங்கள் தாழ்ந்து வந்தன. எங்களில் மூத்தவர்கள் எவரும் அந்த விமான நிலையத்தில் வந்திறங்கவில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டு விமானங்கள் இறங்கியது வடக்கே மிராபெல்லில். இப்போது அங்கே பயணிகள் விமானமே இல்லை. நாங்கள் வந்த வாசல் சாத்திப்போய்விட்டது என்று இவர் சொல்வதுண்டு. ஓடும்போது இப்படி ஏதாவது நினைப்பு வரும், பிறகு காலில் கொழுவின கல் எல்லாவற்றையும் மறக்கச் செய்யும். பக்கத்து வீட்டுக் கியூபெக்காரப் பெண்ணிடம் பட்டியைக் கொடுத்தேன். அவள் அதைக் கொடி மாதிரித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பிறகு பேகல் அண்ணை.

லஷீனில் நாங்கள் நின்றது தோல் வியாபாரக் களஞ்சியத்துக்கு முன்னால். 1803இல் கட்டிய கல்வீடு. இப்போது தேசிய வரலாற்றுத் தலம். கனூக்காரரின் சரக்குக் கட்டியிருந்த இடம். அங்கிருந்து கால்வாய் தொடங்குகிறது. லஷீன் பாய்ச்சலைக் கப்பலால் தாண்ட முடியாததால் வெட்டிய கால்வாய், 1825இல் திறந்தது, பதினாலரைக் கிலோமீற்றர். சென் லோரன்ஸ் கடல்வழி வந்தபிறகு 1970இல் சாத்தி, 2002இல் உல்லாசப் படகுகளுக்காகத் திரும்பத் திறந்தார்கள். அத்தான் இதை எல்லாம் சொல்லி முடித்தார். பிறகும் அண்ணை வரவில்லை.

எட்டே முக்காலுக்கு வரவேண்டியவர். ஒன்பதாயிற்று. போன் அடித்தோம், எடுக்கவில்லை. ஈரவெக்கை ஏறிக்கொண்டிருந்தது, இனி ஓடுகிறவர்களுக்கு நிழல் குறைவு. அத்தான் மடிக்கணினியைத் திறக்கவில்லை, அதுவே நல்ல அறிகுறி அல்ல. ஒன்பது ஐந்துக்குச் சொன்னார்: "பட்டி இல்லாமலே அடுத்த ஆளை விடுவம்."

ஹக்கோனேயில் அப்படி ஒரு விதி இருக்கிறது. முதல் அணி கடந்துபோய்க் குறிப்பிட்ட நேரத்துக்குள் தன் அணியின் ஓட்டக்காரன் வராவிட்டால், காத்து நிற்கிறவனைப் பட்டி இல்லாமலே கிளப்பிவிடுவார்கள். வேறொரு பட்டி போட்டுக்கொண்டு அவன் ஓட வேண்டும். சில இடத்தில் அந்தக் கெடு பத்து நிமிடம், திரும்பி வருகிற வழியில் இருபது. வீதியை நெடுநேரம் அடைத்து வைக்க முடியாது என்பதால் வந்த விதி, நியாயம்தான். ஆனால் பத்து மீற்றர் தூரத்தில் தன் ஆள் தள்ளாடி வருவதைப் பார்த்துக்கொண்டே, துவக்குச் சத்தத்துக்கு ஓடத் தொடங்குகிற பொடியன்களின் முகத்தை அத்தானின் திரையில் நானும் பார்த்திருக்கிறேன். அந்த விதியைத்தான் அவர் ஏரிக்கரையில் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த ஆள் அவருடைய மகள். பத்தொன்பது வயது. தகப்பனுக்குப் பதில் சொல்லாமல் போய்க் களஞ்சியத்தின் கல்லில் இருந்து, சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். பிறகு ஆறுதலாக ஒவ்வோர் ஓட்டையாய்க் கோக்கத் தொடங்கினாள்.

"பிள்ளை, வெய்யில் ஏறுது."

"அப்பா, நீங்கள்தானே அந்த யப்பான்காரற்றை கதை சொன்னனீங்கள்?"

ஷிசோ கனக்குரியின் கதை. ஹக்கோனே ஓட்டம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வெக்கை தாங்காமல் பாதி வழியில் நின்றுவிட்டார், போட்டி நடத்தியவர்களுக்கும் சொல்லவில்லை. 1967இல் சுவீடன்காரர் திரும்பக் கூப்பிட்டு அந்த ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். நேரம்: 54 வருடம், 8 மாதம், சொச்சம்.

"அவரைப் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்தானே, அப்பா. அண்ணை மாமாவுக்கு இன்னும் இருபது நிமிசம்தானே ஆச்சு."

அக்கா மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள். அத்தான் தோற்றதை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. வானுக்குள் போய் ஏதோ தேடினார். அம்மா மட்டும் கதிரையில் இருந்தபடி, இரண்டு பேரையும் பாராமல் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தா.

ஒன்பதே முக்காலுக்குக் கிட்ட அண்ணை வந்தார். நடந்து வந்தார். ஓடுவதுபோல் ஒரு பாவனைகூட இல்லை. மற்றவர்களெல்லாம் முழங்கால் பிரண்டுவிட்டது, மயங்கிவிட்டார் என்று ஏதேதோ கற்பனை செய்துகொண்டிருந்தோம். முழங்கால் உண்மையில் பிரச்சினை தந்ததாம், நடக்கத்தான் முடிந்ததாம். அது பாதி நேரத்துக்கான கணக்கு. மிச்சப் பாதி, கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய்விட்டது.

"என்ன மீன் எண்டு கேட்டன். டோரேயாம். எங்கடை விளை மீன் மாதிரி இல்லை, ஆனா சதை வெள்ளையாக் கிடக்கு. அந்தாள் திறந்து காட்டினவர்." பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ஏன், பாத்துக்கொண்டே நிண்டனியள்?" என்றார். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். தான் பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்றே நினைத்திருக்கிறார். இரவு வேலை முடிந்து விடியப்புறம் தனியாய் வீட்டுக்கு நடந்தே பழகிய மனிதன். யாரும் எங்கேயும் அவருக்காக நின்றதில்லை. அம்மா ரோல்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினா. "சாப்பிட்டிட்டுப் பேசு."

பெறாமகள் பட்டியை இரண்டு விரலால் வாங்கி, சுளித்த முகத்தோடே போட்டுக்கொண்டு, பாய்ந்தாள்.

கால்வாய்ப் பகுதி சட்டென்று போய்விட்டது. நேரான, மேடில்லாத கரை. சைக்கிள்காரர்கள் மணியடித்து ஏசினார்கள். அவளுக்குப் பிறகு அத்தானின் ஆய்வுகூடத்துப் பஞ்சாப் பொடியன் ஓடினான், அத்வாட்டர் சந்தைப் பக்கம் கடைசியாய் அத்தான் வாங்கினார். அட்டவணைக்குப் பிந்திப்போன நேரத்தை எல்லாம் தானே ஓடிப் பிடிக்கலாம் என்ற நினைப்பில் தொடங்கினார். மாவு ஆலையின் பெரிய சிவப்பு எழுத்துப் பலகை தெரிகிற இடத்தில் அந்த நினைப்பு முடிந்தது. பழைய துறைமுகத்தில் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று கைதட்ட, அவரும் நடந்துதான் வந்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேகல் அண்ணை மட்டும், "தம்பி, மீன் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

இரவு அத்தான் எல்லாருக்கும் அட்டவணையை அனுப்பினார்: திட்டமிட்ட நேரம், எடுத்த நேரம், வித்தியாசம். அக்காவின் வரிசை மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. அரை மணித்தியாலத்தில் பெறாமகள் அதைத் திருப்பி அனுப்பினாள், ஒரு நிரல் கூட்டி. தலைப்பு: நின்ற நேரம். என் மகன் ஓடியது இருபத்தைந்து நிமிடம், மற்ற இடங்களில் இறங்கி நின்றது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அண்ணை நின்றதுதான் ஆகக் குறைவு. ஓடாத அம்மாவுக்கும் புதிதாய் ஒரு வரிசை போட்டிருந்தாள். வேகம், தூரம் எல்லாம் வெறுமை, நின்ற நேரம் மட்டும் எல்லாரையும் விட அதிகம்.

அத்தான் விடிய எழும்பிப் பார்த்துவிட்டுப் பதில் போட்டார். மாமியின் வரிசையில் பிழை இருக்கிறது. வான் லஷீனுக்கு எட்டு நாற்பதுக்கே போய்விட்டது. பதினைந்து நிமிடம் கூட்டவும்.